ஜெயிப்பது உறுதி என்று தெரிந்த பிறகும்: அசுர பல நாயகர்களின் ஐந்து அனிமேக்களில் எதில் தொடங்கலாம்?

“முதல் எபிசோடிலேயே இவனை யாராலும் அசைக்க முடியாது என்று தெரிந்துவிடுகிறது. அப்புறம் மீதியை எதற்குப் பார்க்க வேண்டும்?” அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள் பக்கம் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நான் பதில் சொல்வதற்குள் அடுத்ததும் வந்துவிடும்: “சரி, ஒன்று பார்த்துத்தான் பார்க்கலாமே, எதில் தொடங்கட்டும்?” முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் இரண்டாவதற்கும் கிடைத்த மாதிரிதான்.

இப்படிப்பட்ட நாயகனை ரசிகர்கள் ‘ஓபி’ என்பார்கள். அளவுக்கு மீறிய பலம் கொண்டவன் என்று அர்த்தம். ஃபேண்டஸி அனிமேயில் இந்த வகை இவ்வளவு பெருகியதற்கு ஒரு முக்கியக் காரணம், ‘ஷோசெட்சுகா நி நரோ’ என்ற ஜப்பானிய இணையதளம். 2004-ல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் தன் கதையை அத்தியாயம் அத்தியாயமாக அங்கே போடலாம், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். அப்படிப் படிக்கிறவர் நாளையும் திரும்பி வர வேண்டுமென்றால் இன்றைய அத்தியாயத்திலேயே அவருக்கு ஏதாவது கிடைத்தாக வேண்டும். இருபது அத்தியாயம் தோற்று இருபத்தொன்றில் ஜெயிக்கும் நாயகனுக்கு அங்கே பிழைப்பு கடினம். தினமும் ஜெயிக்கிறவன் உருவானது அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் பலத்தைக் காட்டினால் மட்டும் கூட்டம் வருவதில்லை. பலத்தை மட்டுமே காட்டிய தொடர்கள் எத்தனையோ வந்த சீசனிலேயே மறக்கப்பட்டன. ‘ஜெயிப்பானா?’ என்ற கேள்வியை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாகிறது. நல்ல தொடர் அங்கே வேறொரு கேள்வியைக் கொண்டுவந்து வைக்கிறது. அந்தக் கேள்வி உங்களுக்குப் பிடித்ததா என்பதுதான் விஷயம்.

## எதை வைத்து அளந்தேன்

முதலாவது, நான் சொன்ன அந்தக் கேள்வி. வெற்றி உறுதியான பிறகு கதை எதை நம்பி நகர்கிறது? இரண்டாவது, பலத்துக்கு நாயகன் கொடுக்கும் விலை. எதுவுமே கொடுக்காமல் கிடைத்த பலம் ஐந்தாறு எபிசோடில் திகட்டிவிடும். மூன்றாவது, சுற்றியிருப்பவர்கள். அவர்களுக்குச் சொந்தமாக வாழ்க்கை இருக்கிறதா, கைதட்ட மட்டும் நிற்கிறார்களா? நான்காவது உங்கள் பக்கத்துக் கணக்கு: எத்தனை மணி நேரம் போகும், எங்கே தொய்யும், எங்கே வயிற்றைப் புரட்டும். தொடரைப் பரிந்துரைக்கிறவர்கள் பொதுவாகச் சொல்லாமல் விடுவது இந்த நான்காவதைத்தான்.

கதையின் முன்பகுதியில் வருவதைத்தான் பெரும்பாலும் எடுத்துப் பேசுகிறேன். இரண்டு இடங்களில் கொஞ்சம் உள்ளே போக வேண்டியிருக்கிறது, அங்கே முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

## ஒன் பஞ்ச் மேன்: எட்டிய பிறகு என்ன மிச்சம்?

கறாராகப் பார்த்தால் இது ஃபேண்டஸி அல்ல, சூப்பர் ஹீரோ கதை. ஆனாலும் ஓபி நாயகன் என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வரும் பெயர் இதன் நாயகன் சைதாமாதான். ‘ஒன்’ என்ற புனைபெயரில் எழுதுபவர் 2009-ல் இணையத்தில் வரைய ஆரம்பித்த காமிக்ஸ் இது. மேட்ஹவுஸ் நிறுவனம் 2015-ல் பன்னிரண்டு எபிசோடுகளாக எடுத்தது.

முதல் எபிசோடில் ஒரு இடம். பூமிக்கடியிலிருந்து ஒரு அரக்கக் கூட்டம் சைதாமாவின் வீட்டுக்குள் புகுந்து அடிக்கிறது. அவனுக்கு ரத்தம் கொட்டுகிறது, மூச்சு வாங்குகிறது, வலிக்கிறது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எத்தனையோ நாளுக்குப் பிறகு இதயம் துடிப்பது காதில் கேட்கிறது. அப்போது அலாரம் அடிக்கிறது. கனவு. அந்தக் கூட்டம் நிஜமாகவே வெளியே வந்து நிற்க, ஆசையோடு ஓடுகிறான். ஒரே குத்து. மீதிப் பேர் வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். அவன் முகம் மறுபடி காலியாகிறது.

ஆசைப்பட்டதை முழுசாக அடைந்துவிட்ட ஒருவனுடைய வெறுமைதான் இந்தத் தொடரின் கேள்வி. விலை என்ன என்று பார்த்தால், பயிற்சியில் தலைமுடி போனதை வைத்துத் தொடர் நம்மைச் சிரிக்க வைக்கிறது, உண்மையில் போனது பரவசம். பிறகு எட்டாவது, ஒன்பதாவது எபிசோடுகளில் கடல் ராஜன் என்ற அரக்கன் வருகிறான். எத்தனையோ ஹீரோக்கள் அவனிடம் அடிபட்டு விழ, கடைசியில் சைதாமா ஒரே அடியில் முடிக்கிறான். “அப்படியானால் முன்னால் தோற்றவர்கள் எதற்கும் உதவாதவர்கள்தானே?” என்று கூட்டத்தில் ஒருவன் பேச ஆரம்பிக்கிறான். உடனே சைதாமா சிரித்துக்கொண்டே, அவர்கள் அடித்து ஓய்த்து வைத்ததால்தான் தனக்கு வேலை சுலபமானது, தான் கடைசியில் வந்து பெயர் தட்டிக்கொண்டவன் என்று சொல்லிவிடுகிறான். தன் பெயரைக் கெடுத்து மற்றவர்கள் மானத்தைக் காப்பாற்றுகிறான். பலசாலி எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால் நான் அந்த ஒரு நிமிடத்தைத்தான் காட்டுவேன்.

மறைந்திருக்கும் செலவு: 2019-ல் வந்த இரண்டாவது சீசன் வேறு நிறுவனத்தின் கைக்குப் போனது. முதல் சீசனின் அனிமேஷனைப் பார்த்த கண்ணுக்கு அது இறக்கம்தான். சைதாமாவும் அதில் அவ்வளவாகத் திரையில் இல்லை. 2025-ல் வந்த மூன்றாவதும் ரசிகர்களின் மனக்குறையைத் தீர்க்கவில்லை. அந்தப் பன்னிரண்டு எபிசோடோடு நிறுத்தினாலும் முழுமையான ஒன்றைப் பார்த்த நிறைவு இருக்கும்.

## சோலோ லெவலிங்: உழைத்தால் கூடுமா?

சைதாமா பலசாலியானது ஒரு பயிற்சியால்தான். தினமும் நூறு தண்டால், நூறு சிட்-அப், நூறு பஸ்கி, பத்து கிலோமீட்டர் ஓட்டம். அதைக் கேட்டு அவனுடைய சீடன் ஜெனோஸ் கோபப்படுகிறான், இது சாதாரண உடற்பயிற்சிதானே என்று. சோலோ லெவலிங்கின் நாயகன் சுங் ஜின்-வூவுக்கு ஒவ்வொரு நாளும் கண்முன்னே தோன்றும் கட்டளையும் அதே பட்டியல்தான். அங்கே சிரிப்பாக இருந்தது இங்கே உயிர்ப் பிரச்சினை. ஒருநாள் தவறினால் பாலைவனத்தில் போய் விழுவான், ராட்சதப் பூரான்கள் நான்கு மணி நேரம் துரத்தும்.

மூலக்கதை கொரியாவுடையது. சுகோங் என்பவர் 2016-ல் எழுதியது. பிறகு வந்த வெப்டூனை (இணையக் காமிக்ஸ்) வரைந்த ஜாங் சுங்-ராக், அனிமே வெளிவருவதற்கு முன்பே, 2022-ல் காலமானார். ஏ-1 பிக்சர்ஸ் 2024-லும் 2025-லும் இரண்டு சீசன்கள், மொத்தம் 25 எபிசோடுகள் எடுத்திருக்கிறது. கிரஞ்சிரோல் என்ற அனிமே ஸ்ட்ரீமிங் தளத்தின் 2025 விருதுகளில் ஆண்டின் சிறந்த அனிமே இதுதான்.

ஜின்-வூ பலசாலியாகத் தொடங்குவதில்லை. அரக்கர்களை வேட்டையாடுவது அவன் தொழில், ‘உலகிலேயே பலவீனமான வேட்டைக்காரன்’ என்று சக வேட்டைக்காரர்களே கேலி செய்யும் ஆள். தாய் மருத்துவமனையில் கண் திறக்காமல் கிடக்கிறாள், தங்கையைப் படிக்க வைக்க வேண்டும். வேட்டைக்குப் போகாமல் இருக்க வழியில்லாததால் உயிரைப் பணயம் வைத்துப் போகிறான். அதனால்தான் அவன் பலம் ஒவ்வொரு புள்ளியாக ஏறும்போது நமக்கு இனிக்கிறது. இன்று உழைத்தால் இன்றிரவே எண் கூடுகிறது. வேலையிலும் படிப்பிலும் எத்தனை பேருக்கு அப்படி ஒரு உத்தரவாதம் கிடைக்கிறது? ‘வெறும் பவர் ஃபேண்டஸி’ என்று இதை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாத இடம் இதுதான். பலத்துக்கான ஏக்கத்தைவிட, உழைப்புக்குக் கணக்கு வேண்டும் என்ற ஏக்கம்தான் இதில் பெரியது.

குறையும் உண்டு. அவன் ஏற ஏற மற்றவர்கள் மங்குகிறார்கள். ஆரம்பத்தில் கூடவே நின்றவர்கள் பின்னால் வாய் பிளந்து பார்க்கும் கூட்டமாகிறார்கள். அவன் முகமும் மெல்ல இறுகிப்போகிறது. கதை அதை ஒரு இழப்பாகச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், ஆனால் பெரும்பாலும் கம்பீரமாகத்தான் காட்டுகிறது. ரத்தமும் வெட்டுப்படும் உடல்களும் தாராளம். முதல் இரண்டு எபிசோடுகளே தாங்க முடிகிறதா என்று சொல்லிவிடும்.

## ஸ்லைம்: பலத்தை வைத்து என்ன கட்டலாம்?

முழுப்பெயர் நீளமானது, ‘நான் ஸ்லைமாக மறுபிறவி எடுத்த கதை’ என்கிற மாதிரி வரும். ஃபூசே என்பவர் 2013-ல் நான் மேலே சொன்ன அதே இணையதளத்தில் எழுதத் தொடங்கியது. 37 வயது அலுவலக ஊழியர் ஒருவர், கூட வேலை பார்க்கும் இளைஞனைக் காப்பாற்றப்போய்க் கத்திக்குத்து வாங்கிச் சாகிறார். வேறொரு உலகத்தில் கண் விழிக்கும்போது, இல்லை, கண்ணே இல்லை, வழுவழுப்பான ஒரு ஸ்லைமாக, ஜெல்லி உருண்டை போன்ற உயிராகப் பிறந்திருக்கிறார். குகைக்குள் முந்நூறு வருடமாக அடைபட்டுக் கிடக்கும் வெல்டோரா என்ற டிராகனிடம் பேச்சுக் கொடுத்து நட்பாகிறார். இந்த ஸ்லைமின் பெயர்தான் ரிமுரு.

இந்த ஐந்தில் சண்டையைவிட நிர்வாகம் சுவையாக இருக்கும் தொடர் இதுதான். ரிமுரு கோப்ளின் என்ற குட்டி அரக்கர்களின் கிராமம் ஒன்றைக் காப்பாற்றுகிறான். அதோடு போய்விடாமல் வீடு கட்ட ஆள் தேடுகிறான், குள்ளர் நாட்டிலிருந்து கைவினைஞர்களை அழைத்து வருகிறான், சட்டம் போடுகிறான். பெயர் வைப்பது இங்கே விளையாட்டல்ல. பெயரில்லாத உயிருக்குப் பெயர் வைத்தால் அதன் பலம் கூடும், வைத்தவனுடைய சக்தி கரையும். கிராமம் முழுக்கப் பெயர் வைத்துவிட்டு மூன்று நாள் அசைவற்றுக் கிடக்கிறான் ரிமுரு. பலம் என்பது மற்றவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் பொருளாக இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சுற்றியிருப்பவர்களும் அதனால்தான் நிழல்களாகிவிடாமல் ஆளுக்கொரு வேலையோடு நிற்கிறார்கள்.

நீளம்தான் இதன் பெரிய செலவு. முதல் மூன்று சீசன்களே 72 எபிசோடுகள். மூன்றாவது சீசனின் தொடக்கத்தில் கூட்டம், கூட்டம், மறுபடியும் கூட்டம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு அது பிடித்தது, ஆனால் பாதியில் விட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இன்னொன்று (இது கொஞ்சம் கதையின் உள்ளே): மென்மையான, குழந்தைத்தனமான முகப்பைப் பார்த்துச் சிறுவர்களோடு உட்காருகிறவர்கள் இரண்டாவது சீசனில் திடுக்கிடுவார்கள். ரிமுரு தனியாளாக இருபதாயிரம் பேர் கொண்ட படையை அழிக்கிறான். காற்றில் நீர்த்துளிகளை மிதக்கவிட்டு, சூரிய ஒளியைக் குவித்து. எந்த ஆரவாரமும் இல்லாமல் அது நடப்பதுதான் பயமாக இருக்கிறது.

## ஓவர்லார்ட்: கெட்டவனாக ஜெயித்தால்?

குகானே மருயாமாவின் நாவல், மேட்ஹவுஸ் தயாரிப்பு. 2015 முதல் 2022 வரை நான்கு சீசன்கள், ஒவ்வொன்றும் 13 எபிசோடு.

பன்னிரண்டு வருடம் ஓடிய ஒரு ஆன்லைன் விளையாட்டின் சர்வரை அன்று நள்ளிரவில் நிறுத்தப்போகிறார்கள். 41 பேர் சேர்ந்து கட்டிய கில்டின், அதாவது விளையாட்டுக் குழுவின் தலைவன் மொமொங்கா, எலும்புக்கூடு மந்திரவாதி உருவத்தில், பழைய நண்பர்களுக்காகக் காத்திருக்கிறான். வந்த ஒருவனும் தூக்கம் வருகிறது என்று கிளம்பிவிடுகிறான். கடைசி வரை இருக்கலாமே என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டுவிடுகிறான் மொமொங்கா. அவன் போன பிறகு மேசையை ஓங்கிக் குத்துகிறான். அப்புறம் அரியணையில் உட்கார்ந்து, சுவரில் தொங்கும் கொடிகளைப் பார்த்து நண்பர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். மணி பன்னிரண்டு ஆகிறது. விளையாட்டு மூடவில்லை, உலகம் மாறிவிட்டது.

பிற்பாடு அவன் தன் பெயரை விட்டுவிட்டு கில்டின் பெயரான ‘ஐன்ஸ் ஊல் கவுன்’ என்பதையே தனக்குச் சூட்டிக்கொள்கிறான். இந்த உலகில் நண்பர்கள் யாராவது இருந்தால் அந்தப் பெயர் அவர்கள் காதில் விழட்டும் என்று. ஊரையே நடுங்கவைக்கும் ஒருவனின் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் இப்படி ஒரு ஏக்கம் இருக்கிறது.

விலையும் இங்கேதான் கனம். உடல் செத்தவனுடையது என்பதால் உணர்ச்சி ஓர் எல்லையைத் தாண்டினால் தானாகவே அணைந்துவிடுகிறது. பயம் அணைவதுபோலவே இரக்கமும் குறைகிறது. மூன்றாவது சீசனில் (இது இரண்டாவது உள்விவரம்) அவனுடைய கல்லறைக் கோட்டைக்குள் கூலிக்கு வேலை செய்யும் சிலர் நுழைகிறார்கள். அவர்களில் ஒரு சிறுபெண், பெற்றோர் வாங்கிய கடனை அடைத்துத் தன் இரண்டு குட்டித் தங்கைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்ற நம்பிக்கையில் வந்தவள். அவர்களை உள்ளே வரவழைத்ததே ஐன்ஸ் தரப்பின் ஏற்பாடு. அந்த எபிசோடுகளில் நமக்குப் பிடித்த நாயகன், எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் யார் என்பது தெரிகிறது. மற்ற தொடர்கள் நம்மை பலசாலியின் தோளில் உட்காரவைக்கும். இது அவ்வப்போது இறக்கிவிட்டு அவன் காலடியில் நிறுத்துகிறது.

எல்லோருக்கும் இது ஆகாது. கொடுமைக்குத் தண்டனை வரும் என்று காத்திருப்பவர்கள் 52 எபிசோடும் காத்திருக்க வேண்டியதுதான். பாத்திரங்களும் பெயர்களும் மிக அதிகம். இரண்டாவது சீசனின் முதல் பாதி ஐன்ஸை ஓரமாக வைத்துவிட்டு பல்லி மனிதர்களோடு போய்விடும். பொறுமை தேவை, அந்தப் பொறுமைக்குப் பலன் உண்டு.

## ஃப்ரீரென்: மிச்சமிருக்கும் காலத்தை என்ன செய்வது?

யமதா கனேஹிதோ எழுத, அபே த்சுகாசா வரைந்து 2020-ல் தொடங்கிய மாங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ். மேட்ஹவுஸ் 2023 செப்டம்பரிலிருந்து 2024 மார்ச் வரை 28 எபிசோடுகளாக முதல் சீசனைத் தந்தது. ஐந்தில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

ஃப்ரீரென் ஆயிரம் வயது தாண்டிய மந்திரவாதி, மனிதர்களைவிடப் பல மடங்கு காலம் வாழும் எல்ஃப் இனத்தவள். அரக்கர் வேந்தனைக் கொன்ற பத்து வருடப் பயணம் கதை தொடங்கும்போதே முடிந்துவிட்டது. ஐம்பது வருடம் கழித்துத் தோழன் ஹிம்மெலின் இறுதிச் சடங்கில் நிற்கும்போதுதான், இவனைத் தெரிந்துகொள்ள நான் ஏன் முயலவில்லை என்று அவளுக்கு அழுகை வருகிறது. அவளால் முடியாதது அது ஒன்றுதான், அதற்கு எந்த மந்திரமும் இல்லை.

மூன்றாவது எபிசோடைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எண்பது வருடம் முன்பு கொல்ல முடியாமல் கல்லாக்கி அடைத்துவைத்த குவால் என்ற அரக்கனை ஃப்ரீரென் விடுவிக்கிறாள். அவன் கண்டுபிடித்த சோல்ட்ராக் என்ற மந்திரம் எந்தக் கவசத்தையும் துளைத்துக் கொல்லக்கூடியது. அந்தப் பகுதியின் மந்திரவாதிகளில் 70 சதவீதம் பேரைப் பலி வாங்கியது. விடுபட்டதும் அதையே ஏவுகிறான். ஃப்ரீரெனின் சிறுவயது மாணவி ஃபெர்ன் சாதாரணமாகத் தடுத்துவிடுகிறாள். அந்த எண்பது வருடத்தில் மனிதர்கள் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் படித்து, தங்கள் மந்திரமாகவே ஆக்கிக்கொண்டுவிட்டார்கள். இப்போது அதற்குப் பெயர் ‘சாதாரணத் தாக்குதல் மந்திரம்’. ஒரு காலத்தின் அசுர பலம் அடுத்த காலத்தின் பாலபாடமாகிறது. பலத்தைப் பற்றி இந்த வகையில் இவ்வளவு அழகாகச் சொன்ன காட்சி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

அவள் தன் சக்தியைக் காட்டிக்கொள்வதே இல்லை. ஆயிரம் வருடமாக மறைத்து வைத்திருக்கிறாள், சக்தியை வைத்தே அந்தஸ்து பார்க்கும் அரக்கர்கள் ஏமாறட்டும் என்று. தன்னைவிடக் குறைந்த சக்தி கொண்டவர்களிடம் பதினொரு முறை தோற்றிருப்பதாக அவளே சொல்கிறாள், அதில் ஆறு பேர் மனிதர்கள். ஆசைப்பட்டுச் சேர்ப்பதோ இனிப்பான திராட்சையைப் புளிக்கவைக்கும் மந்திரம் மாதிரியானவை.

இங்கே செலவு என்றால் வேகம்தான். ஒரு கிராமத்தில் சிலையைத் துடைத்துவிட்டு அடுத்த கிராமத்துக்குப் போவதே ஒரு எபிசோடு. சண்டைக்காக மட்டும் வருகிறவர் நான்காவதில் எழுந்து போய்விடலாம். முதல் சீசனின் பின்பாதியில் வரும் மந்திரவாதித் தேர்வு கொஞ்சம் நீண்டுவிட்டது என்பதும் என் குறை. யாரையாவது சமீபத்தில் இழந்தவர்களுக்கு முதல் எபிசோடு கனமாக இருக்கும், அவர்களிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன்.

## ஒரே பார்வையில்

| தொடர் | நேரம் (சுமார்) | வெற்றிக்குப் பதிலாக நிற்கும் கேள்வி | எச்சரிக்கை |
|---|---|---|---|
| ஒன் பஞ்ச் மேன் (முதல் சீசன்) | 5 மணி | எல்லாம் கிடைத்த பிறகு என்ன? | அடுத்த சீசன்களில் அனிமேஷன் இறக்கம் |
| சோலோ லெவலிங் | 10 மணி | உழைப்புக்குக் கணக்கு உண்டா? | ரத்தம், மங்கிப்போகும் துணைப் பாத்திரங்கள் |
| ஸ்லைம் (முதல் மூன்று சீசன்கள்) | 29 மணி | பலத்தை வைத்து எதைக் கட்டுவது? | நீளம், கூட்டங்கள் |
| ஓவர்லார்ட் | 21 மணி | நம் நாயகன் மற்றவர்களுக்கு யார்? | தண்டனையில்லாத கொடுமை |
| ஃப்ரீரென் (முதல் சீசன்) | 11 மணி | இருக்கும் காலத்தில் யாரைத் தெரிந்துகொள்வது? | நிதானமான நடை |

## உங்களுக்கு எது?

வாரம் முழுக்க வேலையில் அடிபட்டு, மூளையைக் கழற்றிவைத்துவிட்டு உட்கார வேண்டும் என்றால் சோலோ லெவலிங். அதைப் பார்க்கக் காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை, களைத்தவருக்கு ஒரு வெற்றியைப் பார்க்க உரிமை உண்டு. இந்த வகையே பிடிக்குமா என்று சந்தேகமாக இருப்பவர் ஒன் பஞ்ச் மேனில் தொடங்கட்டும், ஐந்து மணி நேரத்தில் தெரிந்துவிடும். தினம் ஒன்றாக, மாதக்கணக்கில் கூட வர ஒரு உலகம் வேண்டுமென்றால் ஸ்லைம். நாயகன் நல்லவனாகவே இருப்பது சலித்துவிட்டது என்பவருக்கு ஓவர்லார்ட், ஆனால் முதல் தொடராக வேண்டாம். இந்த வகையின் வழக்கங்கள் பழகிய பிறகு பார்த்தால்தான் அது எதைப் புரட்டிப்போடுகிறது என்று தெரியும்.

ஃப்ரீரெனும் அப்படித்தான் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன், மற்ற நான்கையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்று. இப்போது அப்படிச் சொல்வதில்லை. அனிமேயே பார்த்திராத ஒருவரிடம் முதல் எபிசோடைப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் அவர் தொடரைப் பற்றி எதுவும் பேசவில்லை. பல வருடமாகப் பேசாத ஒரு நண்பரின் எண்ணைத் தேட ஆரம்பித்தார்.